தெரு திரும்பியதும்

15 ஜூன், வியாழன்

மூட்டு மடங்குவது 55 டிகிரி.

இதை எழுதச் சொன்னது ஸ்டெல்லா. தினமும் காலை பத்து மணிக்கு வந்து என் புது மூட்டை மடக்கி நீட்டிப் பாடாய்ப் படுத்தும் பிசியோதெரபிப் பெண். "எத்தனை டிகிரி, வலி எப்படி, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்கம்மா" என்றாள். நூல் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. டிகிரியை எழுத ஒரு வரி போதும். வலியை எழுத இந்த டைரி போதாது.

வலது முழங்கால் மூட்டை மாற்றி ஒரு வாரம் ஆகிறது. நேற்றுதான் வீட்டுக்கு வந்தேன். வீட்டு வேலைக்கு வரும் மயிலாத்தா சமைத்து, குளிக்க வைத்துவிட்டுப் போகிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். எப்போது கொட்டகைக்குப் போகலாம்? "ஆவணி பொறக்கட்டும்மா" என்றார். இந்த ஆபரேஷனுக்கு நான் சம்மதித்ததே அதற்காகத்தான். மூட்டு வலித்தால் கோயிலுக்குப் போகாமல் இருந்துகொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. மிஷினுக்கு முன்னால் உட்காராமல் என்னால் இருக்க முடியாது. அதற்குத் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும் என்கிறாள் ஸ்டெல்லா.

கொட்டகை என்றால் மாட்டுக் கொட்டகை இல்லை. தெய்வானை மிஷினரி. இந்தத் திருப்பூரில் பனியன் கம்பெனியை மூடுகிறவர்களிடம் பழைய தையல் மிஷின்களை வாங்கி, கழற்றிச் சுத்தம் பண்ணி, புதிதாகக் கம்பெனி வைக்கிறவர்களுக்கு விற்கிறேன். ஒருவன் மூடினால் எனக்குச் சரக்கு, இன்னொருவன் திறந்தால் எனக்கு வியாபாரம். இந்த ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

18 ஜூன், ஞாயிறு

58. நேற்றும் அதே 58. நகர மாட்டேன் என்கிறது.

குழந்தைவேலு வந்தான். என்னிடம் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வந்தபோது ஓவர்லாக் மிஷினில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு, எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்வான். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான். கூடப் பிறந்த தம்பி இருந்தால்கூட இப்படி வந்து நிற்பானா என்பது சந்தேகம்.

நான் உட்கார்ந்து எழுந்து பழக ஒரு ஸ்டூல் வேண்டும் என்று ஸ்டெல்லா சொன்னதால் கொட்டகையிலிருந்து என் ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். டெய்லராக நான் வேலை பார்த்த முதல் கம்பெனியில் எட்டு வருஷம் உட்கார்ந்த ஸ்டூல் அது. கம்பெனியை மூடியபோது சம்பளப் பாக்கிக்கு ஒரு மிஷினையும் இந்த ஸ்டூலையும் எடுத்துக்கொண்டேன். அந்த மிஷினை விற்றதுதான் என் முதல் வியாபாரம். ஸ்டூலை விற்கவில்லை. ஒரு கால் விரிசல் விட்டு, பனியன் துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

"இதுலயா உக்காரப் போறீங்க? ஆடுதுங்க்கா" என்றான் வேலு.

"நானும்தான்டா ஆடுறேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணை."

ஸ்டெல்லா பார்த்துவிட்டு, இதில் உட்கார்ந்தால் இன்னொரு மூட்டும் போய்விடும் என்று சொல்லிவிட்டாள். சன்னல் ஓரமாகப் போட்டு அதன்மேல் இந்த டைரியை வைத்துக்கொண்டேன்.

வேலுவிடம் கொட்டகைச் சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்தேன்.

24 ஜூன், சனி

64.

காலை அழுத்தும்போது வலி தெரியாமல் இருக்க ஏதாவது கதை சொல்லுங்கள் என்றாள் ஸ்டெல்லா. எனக்குக் கதை எங்கே தெரியும்? வியாபாரம் தெரியும். எங்கள் மூன்று நடையைப் பற்றிச் சொன்னேன்.

கம்பெனி மூடுகிறவர் மனதில் ஒரு விலை இருக்கும். அதை நாம் பேசி இறக்க முடியாது. அவராக இறங்க வேண்டும். அதற்காக முதல் நடையில் ஒரு ஆள் போவான். உட்கார மாட்டான். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். விலையே சொல்ல மாட்டான். இரண்டு மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எடைக்குப் போடறதா இருந்தா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவான். எங்களுக்கு அது வேலு. அவன் உதட்டைப் பிதுக்கினால் புது மிஷினே துருப்பிடித்தது போலத் தெரியும். நாலைந்து நாள் கழித்து இரண்டாவது நடை. அதற்கு வேறு ஆள். அவன் ஒரு அடிமாட்டு விலை சொல்வான். கம்பெனிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு யோசிப்பதாகச் சொல்வார். ஒன்றிரண்டு நாளில் அந்த ஆளே போன் பண்ணி, அந்த விலைக்கும் வேண்டாம் என்பான். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

அப்போது மூன்றாவது நடை. அது நான். பையில் கொய்யாப்பழம் இருக்கும். நேரே அந்த வீட்டுப் பெண்ணிடம் போய் உட்காருவேன். காபி குடிப்பேன். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பேன். வேலு என் ஆள்தானே என்று கேட்டால், அவனுக்கு விவரம் பத்தாது என்று அவன்மேலேயே பழியைப் போடுவேன். இரண்டாவது ஆள் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடச் சொல்வேன். கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கடைசியில் ஒன்று உண்டு. அது என் சொந்தச் சரக்கு. அந்த வீட்டில் எதற்கும் ஆகாத ஏதாவது ஒன்றைக் காட்டி, "இதையும் குடுங்க, இதுல உங்க கைராசி இருக்குது" என்று தனியாக விலை கொடுத்து வாங்குவேன். அதோடு அவர்கள் மனதில் இருக்கிற கொஞ்சநஞ்சக் கசப்பும் போய்விடும். அங்கேரிபாளையத்தில் பூங்கொடி என்று ஒருத்தி. பதினோரு வருஷம் இருக்கும். புருஷன் கடனில் மூழ்கிப் பத்து மிஷினையும் விற்றார். மூலையில் குழந்தை நடை பழகுகிற நடைவண்டி ஒன்று, ஒரு சக்கரம் இல்லாமல் கிடந்தது. அதை நான் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்கும் சந்தையில் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள்.

"அந்த நடைவண்டி இப்ப எங்கம்மா இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

"தெரு திரும்பினதும் குப்பைத் தொட்டிகிட்டப் போட்டாச்சு. அதுதான் வழக்கம். அந்த ஒடைசலை வெச்சு நான் என்ன பண்ண? வீட்டுக்காரங்க கண்ணு முன்னால போடக் கூடாது, அவ்வளவுதான். அது வேலுவோட வேலை."

நான் யாரிடமும் கத்தியைக் காட்டி வாங்கவில்லை. அவர்களாகக் கொடுத்தார்கள், சந்தோஷமாகக் கொடுத்தார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான். இதை ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். அவள் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

2 ஜூலை, ஞாயிறு

71. வேலு நாலு நாளாக வரவில்லை. வேலை இருக்கும்.

5 ஜூலை, புதன்

74. வலியைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.

வேலு முகம் வாடி வந்தான். கொட்டகையின் இடத்துக்காரம்மா சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். இப்போது எல்லாம் கோயம்புத்தூரில் இருக்கிற மகன்தானாம். ஆடி முடிவதற்குள் கொட்டகையைக் காலி பண்ணச் சொல்கிறானாம்.

"எதுக்காமா?"

"விடுங்க்கா. சொன்னா மனசு சங்கடப்படுவீங்க."

"சொல்லுடா."

"நடக்க மாட்டாத கிழவி இனிமே என்ன கடை நடத்தப் போவுதுன்னு கேக்கறானுங்க்கா."

நான் போனை எடுத்தேன், வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக வாடகை ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. அப்படிக் கேட்டவனிடம் போன் போட்டுக் கெஞ்ச என்னால் ஆகாது. வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

9 ஜூலை, ஞாயிறு

80. மயிலாத்தா களி கிண்டியிருந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டேன்.

படுத்தே கிடந்தால் பழைய ஞாபகமெல்லாம் வருகிறது. ஆறேழு வருஷம் முன்னால் பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபோது, ஓரத்தில் சின்னதாக 'குழந்தைவேலு' என்றும் எழுதலாமா என்று வேலு கேட்டான். நான் சிரித்துவிட்டேன். "பேரு பெருசா இருக்குது, பலகை பத்தாதுடா" என்றேன். பெயிண்டரும் சிரித்தான். வேலுவும்தான் சிரித்தான். அது ஏன் இன்றைக்கு ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. அவனுக்கு நான் என்ன குறை வைத்தேன்? தீபாவளிக்குத் தீபாவளி துணிமணி, அவன் மகள் சீருக்குப் பட்டுப்புடவை.

13 ஜூலை, வியாழன்

84.

வேலு இரண்டு இடம் பார்த்தானாம். ஒன்றில், எண்ணெய் சிந்தும், பழைய மிஷினுக்கு இடம் தரமாட்டோம் என்கிறார்கள். இன்னொன்று ஊரைத் தாண்டி இருக்கிறது.

"நாப்பத்தாறு மிஷினையும் அங்க கொண்டுபோய் வெச்சு யாருக்குங்க்கா விக்கறது? இப்பல்லாம் கரண்ட் மிச்சம் புடிக்கற சர்வோ மோட்டார்தான் கேக்கறாங்க. நம்முளுது முக்காவாசி பழைய கிளட்ச் மோட்டாருங்க."

"வீட்டுல நாலு மிஷின் போடறவன் கிளட்ச் மோட்டார்தான்டா தேடுவான்."

"தேடுனாங்க்கா. போன வருசம்."

நாலு மாதத்துக்கு முன்னால் இதே வாயால், கிளட்ச் மோட்டாருக்கு ஆள் க்யூவில் நிற்கிறார்கள் என்றான். சந்தை மாறியிருக்கும். படுத்துக்கிடக்கிறவளுக்கு என்ன தெரியும்?

17 ஜூலை, திங்கள்

88. ஆடி ஒன்று. மயிலாத்தாவுக்கு லீவு. தோசை மாவு இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போய் நானே இரண்டு தோசை சுட்டேன். ஒன்று கருகிவிட்டது.

ஆடி மாதத்தில் எவனும் புதிதாகக் கம்பெனி வைக்க மாட்டான். அதனால் மிஷின் வாங்குகிற ஆள் இந்த மாதம் வராது. விற்கிறவன்தான் வருவான். வருஷா வருஷம் நாங்கள் சரக்கு எடுப்பதே ஆடியில்தான்.

20 ஜூலை, வியாழன்

91. தொண்ணூறைத் தாண்டியாகிவிட்டது! ஸ்டெல்லா கை தட்டினாள். மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடலாம். உட்கார மிஷின்தான் எத்தனை நாளைக்கு இருக்குமோ.

மொத்தமாக வாங்க ஒரு ஆள் விசாரித்தான் என்று வேலு அழைத்துவந்தான். கரூர்ப் பக்கமாம். ஒல்லியாக, சட்டைப் பையில் நாலு பேனா. கொட்டகையைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான். "உக்காருங்க" என்றேன். வாசல்படியிலேயே நின்றான். மயிலாத்தா கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை.

"எடைக்குப் போடறதா இருந்தா சொல்லியனுப்புங்க" என்றான். போய்விட்டான்.

எடைக்கு! எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிற மிஷின்களை உடைத்து இரும்பாக்கவா? வேலு அவனை வெளியில் போய்த் திட்டிவிட்டு வந்தான். "மிஷினப் பத்தி என்ன தெரியும் இவனுக்கு? நீங்க மனசுல வெக்காதீங்க்கா."

26 ஜூலை, புதன்

97. இன்று கைத்தடி மட்டும் பிடித்துக் கூடத்தைச் சுற்றி ஆறு முறை.

இன்னொரு ஆள் வந்தார். ஈரோடு. அவர் சொன்ன விலையை எழுதக் கை கூசுகிறது. நான் எழுந்தே நின்றுவிட்டேன், கைத்தடி இல்லாமல். ஸ்டெல்லா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"வேண்டாங்க்கா, அவசரப்படாதீங்க. ஆனா ஆடி முடிய மூணு வாரம்தான் இருக்குது" என்றான் வேலு.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியனுப்பினேன்.

28 ஜூலை, வெள்ளி

98.

ஈரோட்டுக்காரர் போன் பண்ணினார். வீட்டில் பேசிப் பார்த்தாராம். அந்த விலைக்கும் கட்டாதாம். மன்னித்துக்கொள்ளச் சொன்னார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரி இட்லியும் ஆறிக் கிடக்கிறது.

31 ஜூலை, திங்கள்

98. அப்படியே நிற்கிறது.

ஏன் இப்படி இறுக்கமாக இருக்கிறீர்கள் என்று ஸ்டெல்லா கேட்டாள். கொட்டகை விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "மொதல்ல வந்தவரு உக்காரவே இல்லையாம்மா?" என்றாள்.

"வந்த வேலையப் பாரு. கால மடக்கு" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பெண் பாவம், முகம் சுருங்கிவிட்டது. அவளிடம் எதற்கு எனக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஊர்பேர் தெரியாதவர்களைச் சந்தேகப்படலாம். வேலு அல்லவா அழைத்து வருகிறான்.

3 ஆகஸ்ட், வியாழன்

101. பதினெட்டாம் பெருக்கு.

காலையில் வேலுவோடு ஒரு அம்மாள் வந்தார். வசந்தாமணி. பெருந்துறையில் பழைய மிஷின் வாங்கி விற்கிறார்களாம். அறுபது வயது இருக்கும், வாய் நிறையச் சிரிப்பு. பையில் சாத்துக்குடி. என் பக்கத்தில் கட்டில் ஓரமாகவே உட்கார்ந்துகொண்டார். மயிலாத்தாவிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். அவருக்கும் போன வருஷம் மூட்டு மாற்றியதாம். தழும்பைக் காட்டச் சொல்லித் தடவிப் பார்த்தார். இரண்டு மாதமாக என்னை இப்படி யாரும் தொட்டுப் பேசவில்லை.

"ஒண்டியா இருந்து இத்தனையும் கட்டி நிறுத்தியிருக்கீங்க. ஒடைக்கற ஆளுகிட்டக் குடுத்துறாதீங்க அம்மிணி. நான் ஓட்டற ஆளுங்களுக்குக் குடுக்கறேன்" என்றார்.

ஈரோட்டுக்காரர் சொன்னதற்கு மேலே கொஞ்சம் போட்டார். அதிகமில்லை. ஆனால் மிஷின் ஓடுமே. எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி உட்கார்ந்து தைப்பாளே. சரி என்று சொல்லிவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உண்மைதானே.

நல்ல மனுஷி. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தி.

5 ஆகஸ்ட், சனி

101.

லாரியில் ஏற்றுகிறார்கள் என்று வேலு போன் பண்ணினான். சன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன். மூன்று தெரு தள்ளி இருப்பது எங்கே கேட்கும்?

வசந்தாமணி அம்மாள் போகிற வழியில் ஆட்டோவில் வந்து சொல்லிக்கொண்டு போனார். எழுந்தவர் சன்னல் ஓரத்து ஸ்டூலைப் பார்த்தார்.

"இது நீங்க உக்காந்து தெச்சதுன்னு தம்பி சொல்லுச்சு. இதையும் குடுங்க அம்மிணி. இதுல உங்க கைராசி இருக்குது. என்ற கடையில கல்லாப்பக்கம் போட்டு வெச்சுக்கறேன்."

சும்மா எடுத்துப் போங்கள் என்றேன். கேட்கவில்லை, தனியாகப் பணம் வைத்துவிட்டுத்தான் எடுத்தார். எனக்கு நிறைந்துவிட்டது. என் ஸ்டூலாவது ஒரு கடையில் இருக்கும்.

எழுதும்போதே கை நிற்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டேன், அதனால் இருக்கும். டைரியை இனி மேசைமேல்தான் வைக்க வேண்டும்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

தெருமுனை வரை நடக்கலாம் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். சாயங்காலம் மயிலாத்தாவைக் கூட்டிக்கொண்டு கைத்தடியோடு போனேன். முனை வந்ததும் காலில் தெம்பு இருந்தது. இன்னும் பத்தடி போகலாம் என்று நானாகத்தான் அடுத்த தெருவில் திரும்பினேன்.

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், கால் மேலே தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. ஒரு காலில் பனியன் துணிக் கட்டு.

நான் கட்டிய கட்டு எனக்குத் தெரியும்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உட்காராமல் நின்ற கரூர்க்காரன், எடைக்கு, போன் பண்ணிய ஈரோட்டுக்காரர், சாத்துக்குடி, காபி, கைராசி, எல்லாம் வரிசையாக வந்தன. நாற்பத்தாறு மிஷின் வாங்க ஆடியில் மூன்று ஆள் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. விற்கிற வீட்டில் நான் இருந்தேன், அதனால் கேட்கவில்லை. பூங்கொடி வீட்டில் யாரும் கேட்காத மாதிரியே.

"எடு அதை" என்றேன் மயிலாத்தாவிடம்.

"குப்பையிலிருந்தா? எதுக்குங்க்கா?"

"எடுடீ!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

7 ஆகஸ்ட், திங்கள்

அளக்க விடவில்லை. ஸ்டெல்லா ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். போகும்போது அவள் கையைப் பிடித்து, அன்றைக்குத் திட்டியதற்கு வருத்தம் என்று சொன்னேன்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

இடத்துக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். சென்னையிலும் இல்லை, எங்கேயும் இல்லை, இதே ஊரில்தான் இருக்கிறார்.

"உடம்பு எப்படிம்மா இருக்குது? நீங்க கடைய விடறீங்கன்னு வேலு வந்து சொன்னப்ப எனக்குத் தூக்கமே வரலை. உங்க கையெழுத்துப் போட்ட லெட்டரும் குடுத்தான். சரி, தெரிஞ்ச பையன்தானேன்னு அவம் பேருக்கே வாடகைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டேன். ஏம்மா, எதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கையெழுத்து. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இன்சூரன்ஸுக்கு என்று வேலு நாலு தாளை நீட்டினான். கண்ணாடி இல்லாமல் போட்டேன்.

அப்படியானால் 'கிழவி' என்று சொன்னது இடத்துக்காரம்மா மகன் இல்லை. அது வேலுவின் வாயிலிருந்தே வந்த வார்த்தை. போன் போட மாட்டேன், என் ரோஷம் விடாது என்று தெரிந்துதான் அந்த வார்த்தையைத் தேடி எடுத்திருக்கிறான். மிஷினின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவன் ஆயிற்றே.

10 ஆகஸ்ட், வியாழன்

பத்தொன்பது வருஷம். அவனுக்கு அம்மை போட்டபோது நான் வேப்பிலை கொண்டுபோய்ப் போட்டேன். அவன் மகளுக்குப் பெயர் வைத்தது நான். மிஷினை எடுத்துக்கொள்ளட்டும், கொட்டகையை எடுத்துக்கொள்ளட்டும், நேருக்கு நேராக வந்து கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் பாதியாவது கொடுத்திருப்பேன். என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, என் நடையை என் வீட்டுக்குள்ளேயே நடந்து காட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்று, "அவசரப்படாதீங்க்கா" என்று வேறு!

போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தேன். போய் என்ன சொல்ல? நானாகக் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

108. மடங்குகிறது. அதற்கு என்ன தெரியும்?

17 ஆகஸ்ட், வியாழன்

112. நாளை ஆவணி ஒன்று.

வேலு வந்தான். புது வேட்டி, கையில் திறப்புவிழாப் பத்திரிகை. வருவான் என்று தெரியும். இத்தனைக்குப் பிறகும் சொல்லாமல் கடை திறக்க அவனுக்கு மனம் வராது. அவனை அந்த அளவுக்கு எனக்குத் தெரியும்.

"வாடா" என்றேன். "உக்காரு."

கட்டிலுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டிருந்தேன். துடைத்து, கட்டைப் பிரித்துப் புதுத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். அவன் அதைப் பார்த்தான். உட்காரவில்லை. அவன் நின்றபடியே இருந்தான், நானும் இரண்டாவது முறை சொல்லவில்லை.

"வசந்தாமணி யாரு?"

"என்ற சம்சாரத்தோட பெரியம்மாங்க்கா."

"நல்லாப் பண்ணுனாங்க. என்னைவிட நல்லா."

அவன் தலை குனிந்தான். "நான் புதுசா ஒண்ணும் பண்ணலீங்க்கா. எத்தனை வீட்டு வாசல்ல உதட்டப் பிதுக்கிட்டு நின்னிருப்பேன். ஊர்ல என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க, உங்களைப் பாத்தாக் கும்புடுவாங்க. ஒரு பலகையில ஓரமா ஒரு பேரு கேட்டேன். சிரிச்சீங்க" என்றான்.

அடிக்கலாம் போல இருந்தது. கைத்தடி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று பதினொரு நாளாக என் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

"அங்கேரிபாளையத்துல பூங்கொடி வீட்டு நடைவண்டிய எங்கடா போட்ட?"

"நீங்க சொன்ன எடத்துலதானுங்க. தெரு திரும்பினதும்."

"அவ பாத்தாளா?"

வேலு பத்திரிகையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"பாத்தாங்க. நீங்க பழப்பைய அங்கயே மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்க. அதைக் குடுக்க ஓடி வந்தாங்க. நான் நடைவண்டியத் தூக்கிப் போடறப்ப பின்னாலயே நின்னாங்க. என்னையக் கண்டபடி வஞ்சாங்க. அக்கா எவ்வளவு ஆசையாக் காசு குடுத்து வாங்குச்சு, அதைப் போய்க் குப்பையில வீசறயேன்னு. அப்பறம் அதை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு, அக்காகிட்டச் சொல்லாத, தெரிஞ்சா சங்கடப்படும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நான் வாயே தொறக்கலீங்க்கா. உங்க பேரைக் காப்பாத்திக் குடுத்தேன். அந்தப் பொம்பளைக்கு இன்னைக்கு வரைக்கும் நீங்க நல்லவங்க, நான்தான் கெட்டவன்."

மயிலாத்தா கொண்டுவந்த காபியை அவன் வாங்கவில்லை. பத்திரிகையை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். 'குழந்தைவேலு மிஷினரி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே சின்னதாக, ஓரமாக, 'முன்பு தெய்வானை மிஷினரி' என்று அடித்திருக்கிறான்.

அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அவன் போன பிறகு நான் அழுதது அவனை நினைத்து இல்லை.

18 ஆகஸ்ட், வெள்ளி

ஆவணி ஒன்று. காலையிலிருந்து நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் கேட்கிறது. மூன்று தெரு தள்ளி இருந்தாலும் இது கேட்கிறது. மயிலாத்தா சன்னலைச் சாத்தப் போனாள். வேண்டாம் என்றேன்.

ஸ்டெல்லாவுக்கு இன்றைக்கு இங்கே கடைசி நாள். இனி நானாகவே செய்துகொள்ளலாமாம். ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி, அதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆடவில்லை. கட்டு நன்றாக நிற்கிறது. மூட்டை அளந்து பார்த்து, 114 என்று அவளே இந்த டைரியில் எழுதினாள்.

மிஷினுக்கு முன்னால் உட்காரத் தொண்ணூறு போதும்.